சீனியாரிட்டி பட்டியலும் ஜெனரல் மார்ஷலும்

1939 செப்டம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள்ள நுழைஞ்ச நாள். இரண்டாம் உலகப்போர் ஆரம்பிச்ச அதே நாள்ல, வாஷிங்டனில் ஒருத்தர் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியா பதவி ஏத்துக்கிட்டார். பேரு ஜார்ஜ் மார்ஷல். (மார்ஷல்ங்கறது பதவி இல்லீங்க, குடும்பப் பேரே அதுதான்.) ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல 'மார்ஷல் திட்டம்'னு மனப்பாடம் பண்ணியிருப்போமே, அந்த மார்ஷலேதான். அது 1947 கதை. நான் சொல்ல வந்தது அதுக்கு முந்தின கதை.

அவர் பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கு சீனியாரிட்டி பட்டியலில் அவருக்கு மேலே முப்பதுக்கும் அதிகமான ஜெனரல்கள் இருந்தாங்க. அத்தனை பேரையும் தாண்டி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இவரைப் பிடிச்சு மேலே உக்கார வெச்சார். அப்படி வந்து உக்காந்த மனுஷன் அடுத்த ரெண்டு வருஷத்துல என்ன பண்ணார்ங்கறதுதான் எனக்கு சுவாரசியமான விஷயம். எந்தப் பட்டியலைத் தாண்டி வந்தாரோ, அந்தப் பட்டியலையே கிட்டத்தட்ட கிழிச்சுப் போட்டார்.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும்னு தனியா சொல்லணுமா என்ன? அப்ரைசல் சீசன் வந்தா எல்லா கேண்டீன்லயும் ஓடற விவாதம் இதுதானே. "அவரு எட்டு வருஷம், நீ அஞ்சு வருஷம், அப்ப அவருதான் லீட்." "ஏன், எட்டு வருஷமா அவரு ஒரே வருஷத்தையே எட்டு தடவை செஞ்சிருந்தா?" ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரியே தோணும். ஆனா இந்தச் சண்டையை உயிர் போற அளவுக்குப் பெரிய விஷயமா வெச்சு, ஒரு நாடே தீர்த்துப் பார்த்த கதை ஒண்ணு இருக்கு. அதான் இது.

பட்டியல் எப்படி வந்துச்சு?

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். அமெரிக்கப் படையில பதவி உயர்வு ரொம்ப காலமா வரிசைப்படிதான். மேலே இருக்கறவர் சாகணும், இல்லை ரிட்டயர் ஆகணும், இல்லை ராஜினாமா பண்ணணும். அப்பதான் கீழே இருக்கறவர் ஒரு படி ஏற முடியும். டக்ளஸ் மக்கார்தரின் அப்பா ஆர்தர் மக்கார்தர் உள்நாட்டுப் போரில் பெரிய வீரர். பத்தொன்பது வயசுல ஒரு ரெஜிமெண்டையே நடத்தினவர். போர் முடிஞ்சு 1866ல கேப்டன் ஆனார். அடுத்த பதவி உயர்வு வர்றதுக்கு 1889 ஆயிடுச்சு. இருபத்து மூணு வருஷம் கேப்டன்! நம்மாளுங்க மூணு வருஷம் ஒரே பதவியில இருந்தாலே நௌக்ரியில ரெஸ்யூமே அப்டேட் பண்ணிடுவோம் :-)

"இவ்வளவு மோசமான முறையை ஏன் வெச்சிருந்தாங்க, முட்டாளா அவங்க?"ன்னு கேக்கலாம். இல்லை. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1906ல நடந்ததைப் பாருங்க. அப்ப ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். ஜான் பெர்ஷிங்னு ஒரு கேப்டனை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மேஜராக்கலாம்னு பார்த்தா சட்டம் இடம் கொடுக்கலை. கர்னல் வரைக்கும் வரிசைதான். ஆனா ஜெனரல் பதவிக்கு மட்டும் ஜனாதிபதி யாரை வேணும்னாலும் நியமிக்கலாம். சரின்னு கேப்டனா இருந்தவரை நேரா பிரிகேடியர் ஜெனரல் ஆக்கிட்டார். ஒரே நாள்ல 862 சீனியர்களைத் தாண்டினார் பெர்ஷிங்.

இதுல என்ன சிக்கல்னா, பெர்ஷிங்கோட மாமனார் ஃபிரான்சிஸ் வாரன் ஒரு செனட்டர். அதுவும் செனட்டின் ராணுவ விவகாரக் கமிட்டித் தலைவர். ஊர் என்ன பேசியிருக்கும்னு சொல்லவே வேண்டாம். பெர்ஷிங் திறமைசாலிங்கறது முதல் உலகப்போரில் நிரூபணம் ஆச்சு. ஆனா 1906ல அது யாருக்குத் தெரியும்? பின்னாடி தள்ளப்பட்ட 862 பேருக்கு, "மாமனார் புண்ணியம்"னுதான் தெரிஞ்சிருக்கும்.

சீனியாரிட்டி பட்டியலின் பலமே இதான். அதுல சிபாரிசு வேலை செய்யாது. மாமனார் செனட்டரா இருந்தாலும் சரி, மாடு மேய்க்கறவரா இருந்தாலும் சரி, சேர்ந்த தேதி மாறாது.

மார்ஷல் காத்திருந்த வருஷங்கள்

மார்ஷல் 1880 டிசம்பர் 31ல பிறந்தவர். வெஸ்ட் பாயிண்டில் படிச்சவர் கிடையாது. வர்ஜீனியா ராணுவக் கல்லூரி. 1902ல செகண்ட் லெஃப்டினன்ட். கேப்டன் ஆனது 1916ல. பதினாலு வருஷம்.

முதல் உலகப்போர் வந்ததும் பிரான்சுக்குப் போனார். அங்கே 1917 அக்டோபரில் ஒரு சம்பவம். நம்ம பெர்ஷிங் அப்ப பிரான்சில் இருந்த மொத்த அமெரிக்கப் படைக்கும் தளபதி. பயிற்சியைப் பார்வையிட வந்தவர், மார்ஷலோட டிவிஷன் தளபதியை எல்லார் முன்னாடியும் வறுத்து எடுத்துட்டுக் கிளம்பினார். மார்ஷலுக்கு அப்ப முப்பத்தாறு வயசு. நேரா போய் பெர்ஷிங்கோட கையைப் பிடிச்சு நிறுத்தி, நீங்க சொன்னது நியாயமே இல்லைன்னு படபடன்னு பேசித் தள்ளிட்டார். கூட இருந்தவங்க எல்லாம் இவன் வேலை இன்னியோட காலின்னு முடிவு பண்ணிட்டாங்க. நடந்தது தலைகீழ். அதுக்கப்புறம் பெர்ஷிங் அந்தப் பக்கம் வந்தாலே, உண்மை நிலவரம் தெரிஞ்சுக்க மார்ஷலைத் தனியா கூப்பிட்டுக் கேக்க ஆரம்பிச்சார்.

1918 செப்டம்பரில் சுமார் ஆறு லட்சம் பேரை ஒரு போர்முனைக்குக் கொண்டு வந்து சேக்கற திட்டத்தைப் போட்டவர் மார்ஷல். ரெண்டு வாரத்துக்குள்ள, பெரும்பாலும் ராத்திரியில, எதிரிக்குத் தெரியாம. அந்தப் போர் முடியறப்ப தற்காலிக கர்னல். பிரிகேடியர் ஜெனரல் பதவிக்கு சிபாரிசும் ஆகியிருந்துச்சு. அதுக்குள்ள போர் நின்னுபோச்சு, பதவி உயர்வும் நின்னுபோச்சு.

1920ல தற்காலிகப் பதவி எல்லாம் போய், ஜூன் 30ம் தேதி மார்ஷல் மறுபடியும் கேப்டன். மறுநாள் மேஜர். அதே வருஷம் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், பெரும்பாலான அதிகாரிகளை ஒரே ஒரு பட்டியலில் வரிசையா நிக்க வெச்சுது. போருக்காக ஒரே சமயத்துல சேர்ந்த ஆயிரக்கணக்கான அதிகாரிகள், ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே வரிசை. குறுகின சந்துல லாரி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. முன்னால போறதும் இல்லை, பின்னால இருக்கறவங்களுக்கு வழி விடறதும் இல்லை.

ஐசனோவர் 1920ல மேஜர் ஆனார். 1936லயும் மேஜர்தான். பதினாறு வருஷம்! பிற்காலத்துல ஐரோப்பாவையே மீட்ட படைக்குத் தலைவர், அப்புறம் ரெண்டு தடவை ஜனாதிபதி. அந்த மனுஷன் நாற்பத்தாறு வயசு நெருங்கற வரைக்கும் மேஜர். மார்ஷல் 1923ல லெஃப்டினன்ட் கர்னல், 1933ல கர்னல், பிரிகேடியர் ஜெனரல் ஆக 1936 அக்டோபர் ஆச்சு. பெர்ஷிங்கே பல தடவை சொல்லிப் பார்த்தும் வரிசை நகரலை.

பென்னிங்கில் ஒரு வகுப்பறை

1927லேர்ந்து 1932 வரைக்கும் மார்ஷல் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் காலாட்படைப் பள்ளியில துணைத் தலைவர். பாடத்திட்டம் முழுக்க அவர் கையில. இந்த அஞ்சு வருஷத்துலதான் பிறகு நடந்த எல்லாத்துக்கும் விதை விழுந்துச்சு.

அதுக்கு முன்னாடி அங்கே பாடம்னா, எழுதி வெச்ச குறிப்பைப் படிக்கறது. அழகான, துல்லியமான மேப்பை வெச்சு, பக்கம் பக்கமா உத்தரவு எழுதற பயிற்சி. மார்ஷல் அதையெல்லாம் மாத்தினார். குறிப்பைப் பார்த்துப் படிக்கக் கூடாது. உத்தரவு சுருக்கமா இருக்கணும். மேப் அரைகுறையாத்தான் கிடைக்கும், ஏன்னா நிஜமான சண்டையில அப்படித்தான் கிடைக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு விதி. பள்ளிக்கூடம் வெச்சிருக்கற 'சரியான விடை'க்கு முழுக்க மாறா ஒரு மாணவர் யோசிச்சு, அதுல புத்திசாலித்தனம் தெரிஞ்சா, அந்த விடையை மொத்த வகுப்புக்கும் காட்டணும்!

நம்ம இஞ்சினியரிங் காலேஜ்ல, புக்ல இருக்கற ஸ்டெப் ஒண்ணு விட்டுப் போனா ரெண்டு மார்க் போயிடும். அங்கே ராணுவத்துல, 1930ல, மாத்தி யோசிச்சவனுக்கு மரியாதை. என்னத்த சொல்ல.

அந்த அஞ்சு வருஷத்துல ஆசிரியராவோ மாணவராவோ அங்கே இருந்தவங்கள்ல ஏறத்தாழ 200 பேர் பின்னாடி ஜெனரல் ஆனாங்க. ஓமர் பிராட்லி, ஸ்டில்வெல், காலின்ஸ், ரிட்ஜ்வே, பெடல் ஸ்மித்னு பட்டியல் நீளும். மார்ஷல் ஒரு சின்னக் கறுப்பு நோட்டுல நல்ல அதிகாரிகள் பேரை எழுதி வெச்சிருந்தார்னு ஒரு கதை உண்டு. அந்த நோட்டு யாருக்கும் கிடைச்சதில்லை. நோட்டு இருந்துச்சோ இல்லையோ, மனசுல ஒரு பட்டியல் இருந்துச்சு. அது சேர்ந்த தேதிப் பட்டியல் இல்லை. தப்பு பண்ணினா யாரு கத்துக்கறாங்க, குழப்பத்துல யாரு தெளிவா இருக்காங்கன்னு நேர்ல பார்த்து உண்டான பட்டியல்.

வளர்ச்சியைப் பார்த்துப் பதவி கொடுக்கறேன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். முதல்ல அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு இடம் வேணும். மார்ஷலுக்கு பென்னிங் அந்த இடம். நிறைய ஆபீஸ்ல இந்த இடமே கிடையாது. வருஷம் பூரா யாரும் யாரு வேலையையும் பார்க்கறதில்லை, மார்ச் மாசம் மட்டும் ஒரு ஃபார்ம் நிரப்பறாங்க. அப்புறம் வருஷக் கணக்கு எவ்வளவோ தேவலைன்னுதானே தோணும்?

மேலே வந்த பிறகு

1938 நவம்பர் 14. வெள்ளை மாளிகையில ஒரு கூட்டம். ரூஸ்வெல்ட் பத்தாயிரம் விமானம் கட்டலாம்னு ஒரு திட்டம் சொல்றார். ஓட்ட ஆள், பயிற்சி, தரைப்படை இதைப் பத்தியெல்லாம் பேச்சே இல்லை. சுத்தி உக்காந்திருந்த எல்லாரும் ஆமா போட்டாங்க. "என்ன ஜார்ஜ், நீ என்ன சொல்றே?" ரேஞ்சுல மார்ஷலைக் கேட்டார். மார்ஷல் எனக்கு இதுல சம்மதமே இல்லைன்னு சொல்லிட்டார். மறுபடியும் கூட இருந்தவங்க, இவரு கதை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. அஞ்சு மாசம் கழிச்சு, 1939 ஏப்ரலில், அடுத்த தலைமைத் தளபதி நீதான்னு அதே ரூஸ்வெல்ட் கூப்பிட்டுச் சொன்னார். மனசுல பட்டதை அப்படியே சொல்லுவேன், அது உங்களுக்குப் பிடிக்காமயும் போகலாம்னு அப்பவே மார்ஷல் சொல்லி வெச்சுக்கிட்டார்.

அவர் கையில வந்த படை எப்படி? மொத்தம் சுமார் 1,90,000 பேர். 1945ல அதே படையில எண்பது லட்சத்துக்கும் மேல. ஆறு வருஷத்துல நாப்பது மடங்குக்கு மேல வளரணும்னா மேனேஜர்கள் எங்கேர்ந்து வருவாங்க? பட்டியலில் மேலே இருந்தவங்க பலருக்கு அறுபதை ஒட்டின வயசு. கடைசியா சண்டை பார்த்தது 1918ல. உடம்பும் ஒத்துழைக்கலை, மனசும் குதிரைப்படை காலத்தை விட்டு நகரலை.

1940 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. சீனியாரிட்டியைப் பார்க்காம தற்காலிகப் பதவி உயர்வு கொடுக்கலாம். 1941 ஜூலையில இன்னொண்ணு. தகுந்த காரணம் இருந்தா அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பலாம். யாரை அனுப்பறதுன்னு கோப்புகளைப் பார்க்க ரிட்டயர்டு அதிகாரிகள் கொண்ட ஒரு குழு. அதுக்குத் தலைவர் மாலின் கிரெய்க், மார்ஷலுக்கு முன்னாடி அதே நாற்காலியில இருந்தவர். இந்தக் குழுவுக்கு 'பிடுங்கும் குழு'ன்னே பேரு வந்துடுச்சு. களை பிடுங்கற மாதிரி. நூற்றுக்கணக்கான அதிகாரிகள் வீட்டுக்குப் போனாங்க. அதுல மார்ஷலோட பழைய நண்பர்களும் உண்டு. சில நட்புகள் அதோட முறிஞ்சே போச்சு.

1941 இலையுதிர்காலத்துல லூசியானாவில் பிரம்மாண்டமான போர்ப் பயிற்சி. சுமார் நாலு லட்சம் வீரர்கள், ரெண்டு அணியாப் பிரிஞ்சு, சேறு, மழை, ஆறு எல்லாத்தையும் தாண்டி மோதினாங்க. நம்ம பாஷையில சொன்னா லோட் டெஸ்டிங். சிஸ்டம் எங்கே உடையுதுன்னு ப்ரொடக்ஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே பார்த்துடறது. அந்த வருஷப் பெரும் பயிற்சிகளில் கலந்துக்கிட்ட டிவிஷன், கோர், ஆர்மி தளபதிகள் 42 பேர். அதுல 31 பேர் அடுத்த வருஷத்துக்குள்ள அந்தப் பொறுப்பிலேர்ந்து விலக்கப்பட்டாங்க, இல்லைன்னா ஓரமா மாத்தப்பட்டாங்க.

அதே பயிற்சியில ஒரு கர்னல் பளிச்சுன்னு தெரிஞ்சார். ஐசனோவர். உடனே பிரிகேடியர் ஜெனரல். டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து அஞ்சாவது நாள் வாஷிங்டனிலேர்ந்து அழைப்பு. மார்ஷல் இருபது நிமிஷம் பசிஃபிக் நிலவரத்தை விவரிச்சுட்டு, நாம என்ன பண்ணணும்னு ஒரே கேள்வி கேட்டார். ஐசனோவர் சில மணி நேரம் டைம் வாங்கிட்டுப் போய் யோசிச்சு வந்து பதில் சொன்னார். பிலிப்பைன்ஸைக் காப்பாத்த முடியாது, ஆனா கைவிட்டோம்னும் இருக்கக் கூடாது, ஆஸ்திரேலியாவைத் தளமா வெச்சு ஆரம்பிக்கணும். மார்ஷலுக்கு அது போதும். 1942 ஜூனில் ஐரோப்பாவுக்கான அமெரிக்கத் தளபதியா ஐசனோவர் லண்டன் போனப்ப, முன்னூறுக்கும் மேற்பட்ட சீனியர்களைத் தாண்டியிருந்தார்.

இதுல ஒரு நுணுக்கம் உண்டு. இதெல்லாம் தற்காலிகப் பதவி. 1943 பிப்ரவரியில ஐசனோவர் நாலு நட்சத்திர ஜெனரல். ஆனா நிரந்தரப் பதிவேட்டுல அந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் வெறும் லெஃப்டினன்ட் கர்னல்! சொதப்பினா பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். மேலே ஏத்தற வேகத்துக்கு ஏத்த மாதிரி கீழே இறக்கற வழியும் வெச்சிருந்தாங்க.

வயசானவங்களை விரட்டினாங்களா?

இப்படித்தான் பலரும் இந்தக் கதையைச் சொல்றாங்க. அது தப்பு. லூசியானாவில் ஐசனோவரோட பாஸ் வால்டர் க்ரூகர். 1881ல பிறந்தவர், அப்ப அறுபது வயசு. 1898ல சாதாரண சிப்பாயா சேர்ந்தவர். அவரை யாரும் பிடுங்கலை. பசிஃபிக்கில் ஆறாவது ஆர்மியைப் போர் முடியற வரைக்கும் நடத்தினார். பேட்டன் 1885ல பிறந்தவர். 1944ல நார்மண்டிக் கரையில முதல் அலையோட இறங்கின ஜெனரல் யாரு தெரியுமா? தியடோர் ரூஸ்வெல்ட் ஜூனியர், அந்த 1906 ஜனாதிபதியோட மகன். வயசு 56, கையில ஊன்றுகோல்.

அதனால கேள்வி எத்தனை வருஷம்ங்கறது இல்லை. இன்னும் கத்துக்கறாரா, நின்னுட்டாரா? அவ்வளவுதான். இருபத்தஞ்சு வயசுலயே நின்னு போனவங்களை நான் பார்த்திருக்கேன். ஐம்பது வயசுல புது லாங்குவேஜ் கத்துக்கிட்டு என் கோடுல பக் கண்டுபிடிச்சவரையும் பார்த்திருக்கேன்.

ஆனா மறுபக்கமும் இருக்கு

மார்ஷல் தேர்ந்தெடுத்த எல்லாரும் வைரம்னு நினைச்சுடாதீங்க. லாயிட் ஃப்ரெடெண்டால் மார்ஷலுக்குப் பிடிச்சவர். 1943 பிப்ரவரியில டுனீசியாவில் காசரீன் கணவாயில ஜெர்மானியர்கள் அவர் படையைச் சின்னாபின்னமாக்கினப்ப, அவரோட தலைமையகம் போர்முனைக்கு ரொம்ப தூரம் பின்னால, மலைப்பாறையைக் குடைஞ்ச இடத்துல இருந்துச்சு. அடுத்த மாசமே அவரை எடுத்துட்டு பேட்டனைப் போட்டாங்க. அவருக்கு ஊருக்குத் திரும்பிப் பயிற்சி கொடுக்கற வேலை. டெர்ரி ஆலன்னு இன்னொருத்தர். 1943 ஆகஸ்டில் சிசிலியில முதல் டிவிஷனிலேர்ந்து நீக்கினாங்க. ஆனா அதோட முடிக்கலை. புதுசா 104வது டிவிஷனைக் கொடுத்தாங்க. அதை வெச்சு ஐரோப்பாவில் பிரமாதமா சண்டை போட்டார். நீக்கறதுங்கறது தலையை வெட்டறது இல்லை, வேற இடத்துல உக்கார வெக்கறதுங்கற பழக்கம் இருந்ததாலதான் தைரியமா நீக்கவும் முடிஞ்சுது.

ஜேம்ஸ் வான் ஃப்ளீட் கதை இன்னும் விசேஷம். ஐசனோவர், பிராட்லியோட 1915 வெஸ்ட் பாயிண்ட் வகுப்புத் தோழர். கூடப் படிச்சவங்க எல்லாம் ஜெனரல் ஆனப்பவும் இவர் கர்னலாவே இருந்தார். என்னடான்னு பார்த்தா, இதே மாதிரி பேரு உள்ள ஒரு குடிகார அதிகாரியோட இவரை மார்ஷல் குழப்பிக்கிட்டு இருந்திருக்கார்! நார்மண்டியில ரெஜிமெண்டை நடத்திக் காட்டின பிறகுதான் விஷயம் வெளியே வந்துச்சு. அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள கோர் தளபதி. சேர்ந்த தேதிக்கு ஞாபகமறதி கிடையாது. பெரிய மனுஷனுக்கு உண்டு.

எல்லாத்தையும் விட என்னை உறுத்தறது பெஞ்சமின் டேவிஸ் கதை. கறுப்பினத்தவர். ஏறக்குறைய மார்ஷல் சேர்ந்த அதே காலத்துல, 1901ல பரீட்சை எழுதி அதிகாரி ஆனவர். வெள்ளை அதிகாரிகளுக்கு அவர் கட்டளை போடற நிலைமை வந்துடக் கூடாதுன்னு, கல்லூரிகளில் பாடம் நடத்தற வேலைக்கே திரும்பத் திரும்ப அனுப்பினாங்க. ஆனா 1930ல கர்னல் ஆனார், மார்ஷலுக்கு மூணு வருஷம் முன்னாடியே. எப்படி? யாரும் திறமையைப் பார்த்துக் கொடுக்கலை. பட்டியல் கொடுத்துச்சு. யாரும் தடுக்க முடியாத சேர்ந்த தேதி. ஜெனரல் ஆகறது பட்டியலில் இல்லை, அதுக்கு ஒரு மனுஷன் தேர்ந்தெடுக்கணும். அது 1940 அக்டோபரில், ஜனாதிபதி தேர்தலுக்குச் சில நாள் முன்னாடி, கறுப்பின வாக்காளர்களை நினைச்சுத்தான் நடந்துச்சு. மார்ஷலோட படை போர் முடியற வரைக்கும் நிறத்தால பிரிஞ்சே இருந்துச்சு. ட்ரூமன் உத்தரவு போட்டது 1948ல. வளர்ச்சியைப் பார்க்கற கண்ணு எத்தனை கூர்மையா இருந்தாலும், அது பார்க்க மறுக்கற ஆளுக்கு என்ன பிரயோஜனம்?

எங்கப்பா அரசு ஊழியர். சீனியாரிட்டி லிஸ்ட்டுங்கற வார்த்தையை நான் கேலியா சொன்னா அவருக்குக் கோபம் வரும். "எனக்கு யாரைத் தெரியும்? லிஸ்ட்டு இல்லைன்னா நான் கடைசி வரைக்கும் ஜூனியர் அசிஸ்டெண்ட்தான்டா"ம்பார். ஒரு காலத்துல அது எனக்கு பழைய ஆளு பேச்சாத்தான் தோணுச்சு. டேவிஸ் பத்திப் படிச்ச பிறகு அப்படிச் சொல்ல வாய் வரலை. திறமை பார்த்துக் கொடுங்கன்னு நாம தைரியமா கேக்கறோம்னா, நம்மளைப் பார்க்கற கண்ணு நம்ம பக்கம் இருக்குங்கற நம்பிக்கையிலதான் கேக்கறோம்.

அப்ப எதுதான் சரி?

அமெரிக்கர்களே இதுக்கு முழு விடை கண்டுபிடிக்கலை. 1947ல, மேலே ஏறு, இல்லைன்னா வெளியே போங்கற முறையை எல்லாப் படைகளுக்கும் சட்டமாக்கினாங்க. தேங்கி நிக்கற பிரச்சினை தீர்ந்துச்சு. அடுத்த பதவிக்குத் தேவையான பெட்டியில டிக் அடிச்சுட்டு ஓடற புதுப் பிரச்சினை வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் மாறற நம்மாளுங்களுக்கு இது நல்லாவே புரியும்.

நான் எடுத்துக்கிட்டது இதுதான். மார்ஷலோட முறை வேலை செஞ்சதுக்குக் காரணம், வெறுமனே பட்டியலைக் கிழிச்சது இல்லை. கிழிக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே வகுப்பறையில உக்காந்து ஆளுங்களைக் கவனிச்சார். பெரிய பயிற்சி வெச்சு எல்லார் கண்ணு முன்னாலயும் சோதிச்சார். கொடுத்ததைத் திரும்ப வாங்கற வழி வெச்சார். வாங்கினவங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் வெச்சார். இதுல எதுவும் இல்லாம "நாங்க சீனியாரிட்டி பார்க்கறதில்லை"ன்னு ஒரு கம்பெனி சொன்னா, அதுக்கு அர்த்தம் மேனேஜருக்குப் பிடிச்சவங்களுக்குக் கொடுப்போம்ங்கறது மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. 1943 டிசம்பரில் பிரான்ஸ் மீது படையெடுக்கப் போற சேனைக்கு யார் தளபதின்னு முடிவு பண்ண வேண்டிய நேரம். உலக வரலாற்றுல நிக்கப் போற பதவி. எல்லாரும் மார்ஷல்தான்னு நினைச்சாங்க. கெய்ரோவில் ரூஸ்வெல்ட் மார்ஷலையே கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும்னு கேட்டார். எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிடைச்சிருக்கும். மார்ஷல் சொல்லலை. என் ஆசையைப் பார்க்காதீங்க, நாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கன்னுட்டார். வாஷிங்டனில் மார்ஷல் இல்லாம முடியாதுன்னு ரூஸ்வெல்ட் முடிவு பண்ணினார். பதவி ஐசனோவருக்குப் போச்சு. அந்தச் சேதியை ஸ்டாலினுக்குத் தெரிவிக்கற தந்தியை எழுதினதும் மார்ஷல்தான். ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட அந்தக் கையெழுத்துப் பிரதியை ஞாபகார்த்தமா வெச்சுக்கோன்னு ஐசனோவருக்கே அனுப்பியும் வெச்சார்.

ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் லெஃப்டினன்ட் கர்னலும் கர்னலுமா இருந்த ஒருத்தர், தன்னைத் தாண்டிப் போறதைப் பார்த்துக்கிட்டு.